பொறுக்கிற சூடு

என் கணவரின் இடது உள்ளங்காலில் கெளுத்தி முள் ஏறியபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வலையிலிருந்து தவறி விழுந்த கெளுத்தியை, படகைவிட்டு ஏரியில் இறங்கும்போது மிதித்துவிட்டார். கூட இருந்த சிநேகிதர் மாரி குறடால் முள்ளைப் பிடுங்கினார். இரத்தம் கொட்டியது. இவர் பீடி கேட்டார்.

கெளுத்தி முள்ளைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேள் கொட்டுவதைவிட அது மோசம். மீசை முறுக்கித் திரியும் ஆட்களெல்லாம் கரையில் புரண்டு "யம்மா" என்று அழுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் அன்று குப்பமே இவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. "லெப்டு காலு இன்னா காலா அது, இரும்புடா" என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தச் சிரிப்புதான் நோயின் முதல் அறிகுறி. அப்போது எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

என் பெயர் வசந்தா. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். எங்கள் வாசலில் நின்றால் தண்ணீருக்கு அப்பால் பசியாவரம் தீவு தெரியும். என் கணவர் தேசப்பன் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. வீட்டில் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்காக, குறிப்பாக "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லும் ஆண்களின் மனைவிகளுக்காக இதை எழுதுகிறேன். பயமுறுத்துவதற்காக அல்ல. இந்த ஆட்டத்தில் நாங்கள் அவ்வளவு மோசமாக ஆடவில்லை என்று சொல்வதற்காகத்தான்.

அவருக்கு ஏரி வேண்டும், பந்து வேண்டும், தலைக்கு மேல் வானம் வேண்டும். நான் நாலாவது இடம்தான். அதிலும் சில நாள் மாரி என்னை முந்திவிடுவார். மழை நாளில்கூட வாசல் சார்ப்பில்தான் பாய் விரிப்பார். கன்னத்தில் காற்று பட்டதுமே "வாடை எழும்புது" என்றோ "கொண்டல் திரும்பிடுச்சு" என்றோ சொல்லிவிடுவார். அதைக் கேட்டுத்தான் நான் துணி காயப்போடுவேன்.

கால்பந்தில் அவர் இடதுகால் ஆட்டக்காரர். அதனால்தான் லெப்டு என்ற பெயர் வந்தது. லைட்ஹவுஸ் குப்பத்து மணலில் நடக்கும் செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம்) எதிலும் அவர் இல்லாமல் இருக்க மாட்டார். நாற்பத்தைந்து தாண்டியும் வெறுங்காலோடு ஆடினார். பூட்ஸ் போட்டு வருபவனைக் கண்டால் "இன்னாபா, ஆபீஸ் போறியா?" என்று கேட்பார். உச்சி வெயிலில் மற்றவர்கள் மணலில் குதித்துக் குதித்து ஓடும்போது இவர் மட்டும் மாப்பிள்ளை ஊர்வலம் போல நிதானமாக நடந்து வருவார். அதையும் நாங்கள் வீரம் என்றுதான் நினைத்தோம்.

கெளுத்தி குத்தினால் எங்கள் பக்கம் ஒரே வைத்தியம்தான். பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்து அதில் காலை முக்கி வைக்க வேண்டும். சூடு விஷத்தை முறிக்கும். ஆஸ்பத்திரியிலும் இதையே செய்வார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஆக, வைத்தியத்தில் தப்பில்லை. ஆனால் பொறுக்கிற சூடு எது என்று காலுக்குச் சொந்தக்காரன்தான் சொல்ல வேண்டும். அவன் "ஆ" என்றால் பச்சைத் தண்ணீர் கலப்போம். அதுதான் எங்கள் அளவு.

அன்று டீக்கடை அடுப்பில் மாரி தண்ணீர் கொதிக்க வைத்தார். சுற்றிலும் பத்துப் பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

"போதுமா லெப்டு?"

"இன்னாடா இது, பச்சத் தண்ணி மாதிரி கீது. இன்னும் ஊத்து."

ஊற்றினார்கள். கைதட்டினார்கள். அன்று சாயங்காலமே அந்தக் காலால் அவர் ஒரு கோலும் போட்டார்.

மறுநாள் காலை உள்ளங்கால் தோல், வேகவைத்த உருளைக்கிழங்கின் தோல் போலக் கழன்று வந்தது. "உப்புத் தண்ணி பட்டா ஆறிப்பூடும்" என்று சொல்லிவிட்டு ஏரிக்குப் போனார். நான் மஞ்சள் பற்றுப் போட்டேன். அவர் அதை ஏரியில் கழுவிவிட்டு வந்தார். இப்படியே ஒரு வாரத்துக்கு மேல் போனது. வலியில்லாத புண்ணை மனிதர்கள் புண்ணாக மதிப்பதில்லை.

நாற்றத்தை வைத்தாவது கண்டுபிடித்திருக்கலாமே என்று பிறகு ஒரு நர்ஸ் கேட்டார். அம்மா, எங்கள் ஊரில் வாசலுக்கு வாசல் கருவாடு காய்கிறது. அதில் அழுகல் வாடையை யார் தனியாகப் பிரித்தெடுப்பது? பொன்னேரியில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் படித்த எங்கள் மகள் கவிதா அந்த வாரம் வீட்டுக்கு வந்தாள். உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுளித்தாள்.

"நைனா, கருவாடு இல்ல. உன் காலுதான் நாறுது."

அன்றே பொன்னேரிக்குப் போனோம். இரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், "இவருக்கு எவ்ளோ வருஷமா சுகர்?" என்று கேட்டார். எங்களுக்குத் தெரிந்தது அந்த நிமிடத்திலிருந்துதான். காய்ச்சலும் இருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றிச் சென்னை அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். வழியெல்லாம் அவர் ஜன்னலைத் திறக்கச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்.

சென்னையில் எங்களைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு முப்பது முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்தார். அதன் நுனியில் மெல்லிய நைலான் இழை நீட்டிக்கொண்டிருந்தது. அதை உள்ளங்காலில் வைத்து லேசாக அழுத்திப் பார்ப்பது ஒரு சோதனை.

இவர் முகம் மலர்ந்துவிட்டது. "இது தங்கூசிதானே டாக்டரே? எங்க வலை பூரா இதான். எத்தினி நம்பரு?"

டாக்டரம்மாவும் சிரித்தார். "நம்பர் எனக்குத் தெரியாது சார். கண்ணை மூடிக்கங்க. இது கால்ல படறப்ப சொல்லுங்க."

கண்ணை மூடினார். நான் பக்கத்திலேயே நின்றேன். இடது காலில் கட்டைவிரல், விரல்களுக்குக் கீழே உள்ள மேடு, குதிகால் என்று ஒவ்வோர் இடத்திலும் இழை அழுந்தி வளைந்து நிமிர்ந்தது. அவர் வாய் திறக்கவில்லை.

"ரெடி டாக்டரே. ஆரம்பிங்க," என்றார், மூடிய கண்ணோடு.

"அந்தக் காலை முடிச்சுட்டேன் சார்."

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பொய் சொல்கிறார்களா என்று என் முகத்தில் தேடினார். நான் தலையை ஆட்டினேன். எத்தனையோ புயலில் ஏரிக்குப் போய் வந்தவர். அவர் முகத்தில் பயத்தை நான் பார்த்தது அன்றுதான். வலது காலில் குதிகால் பக்கம் மட்டும் கொஞ்சம் உணர்ச்சி இருந்தது.

இதற்கு நியூரோபதி (சர்க்கரை கூடி, பல வருடங்களில் நரம்பு முனைகள் மரத்துப்போவது) என்று பெயர். பெரும்பாலும் பாதத்தில்தான் தொடங்குமாம். முதலில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, பிறகு ஒன்றுமே இல்லாமல் போய்விடும். அந்த ஒன்றுமில்லாததைத்தான் நாங்கள் இரும்பு என்று கொண்டாடினோம்.

விரல்கள் கறுத்துவிட்டன. கேங்ரீன் (இரத்த ஓட்டம் நின்று சதை அழுகிப்போவது) பாதத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்றார்கள்.

"வேற யாரு காலையாச்சும் எடுங்க," என்றார் இவர். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவர் மனதில் பந்து ஓடுகிறது என்று டாக்டரம்மா நினைத்தார். எனக்கு வேறு ஒன்று தெரிந்தது. அவர் யோசித்தது பாடு பற்றி.

பாடு என்றால் முறை. முகத்துவாரத்துப் பக்கம் இறாலும் மீனும் ஓடும் வாட்டமான இடங்கள் கொஞ்சம்தான். ஆட்களோ அதிகம். அதனால் ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று பிரித்துவிடும். முறை வந்தவன் தானே தண்ணீரில் இறங்கி, தன் கையால் முதல் கழியை ஊன்றி வலை கட்ட வேண்டும். எங்கள் குப்பத்தில் இதற்கு ஆள் அனுப்ப முடியாது. முடியாமல் படுத்தவனையும் ஊர் பட்டினி போடாது. அவன் முறையை இன்னொருவர் செய்து, மீனில் பாதியை வீட்டுக்கு அனுப்புவார்கள். அதை நோய்ப் பங்கு என்போம். ஆனால் படுத்தவன் எழுந்து வந்து கழி ஊன்றவில்லை என்றால், அடுத்த வருடச் சீட்டில் அவன் பெயர் இருக்காது. ஏரிக்கரையில் வீடு இருக்கும், ஏரி இருக்காது.

சாயங்காலம் டாக்டரம்மா மறுபடி வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"வெட்டினா தண்ணில எறங்கலாமா?" என்று இவர் கேட்டார்.

"புண்ணு நல்லா ஆறினதும் பாக்கலாம் சார். வெட்டலைனா எதுலயும் எறங்க முடியாது."

அவர் போர்வையை விலக்கிக் கறுத்த விரல்களைப் பார்த்தார்.

"இப்ப பண்ணா முட்டியைக் காப்பாத்தப் பாக்கலாம். ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் அது மேல ஏறும். அப்புறம் முட்டியும் போயிடும். முட்டி இருக்கற ஆளுக்கும் இல்லாத ஆளுக்கும் நடையில ரொம்ப வித்தியாசம்."

இவர் எழுந்து உட்கார்ந்தார். இடது முட்டியை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். ஏலத்தில் மீனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் அதே முகம்.

"முட்டி எங்களுது. கரெக்டா?"

"உங்களுதா இருக்கணும்னா இப்பவே சரின்னு சொல்லணும்."

என்னைப் பார்த்தார். "இன்னாமே சொல்ற?"

எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. "முட்டி இருந்தா குந்தலாம், எழுந்துக்கலாம், படகு ஏறலாம். இன்னும் ரெண்டு பேச்சு பேசுன, டாக்டரு வாணாம், நானே அருவாமனை எடுத்துக்குவேன்யா."

வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் சிரித்துவிட்டார். கையெழுத்துப் போட்டார்.

முட்டி தப்பியது. அறுவை அறைக்கு வெளியே அந்தச் செய்தியைக் கேட்டதும் நானும் கவிதாவும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். ஒரு காலை இழந்த வீட்டில் இவ்வளவு சந்தோஷமா என்று பக்கத்தில் இருந்தவர்கள் விசித்திரமாகப் பார்த்தார்கள். கணக்கு அவரவர் வீட்டுக்குத்தான் தெரியும்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம், நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"வலிக்குதுமே."

"எங்கயா?"

"கட்டவெரலு. லெப்டு கட்டவெரலு."

போர்வைக்குக் கீழே அந்த இடம் தட்டையாக இருந்தது. அவருக்கு மூளை பிசகிவிட்டதோ என்று டாக்டரம்மாவிடம் ஓடினேன். அது மாய உறுப்பு வலி (எடுத்துவிட்ட உறுப்பு இன்னும் இருப்பதாக மூளை உணர்வதால் வருவது) என்றார். நாடகம் இல்லை, உண்மையான வலிதான் என்றும் சொன்னார். இருந்தபோது வருடக்கணக்காகச் சும்மா கிடந்த கால், போன பிறகு பேச ஆரம்பித்துவிட்டது. முதல் இரண்டு நாள் அவருக்கு அதில் சந்தோஷம்கூட இருந்தது. பழைய சிநேகிதன் வந்ததைப் போல விரல் விரலாக விசாரித்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த வலி அவரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. இல்லாத பாதத்தை யாரோ முறுக்குவதாகச் சொல்லிப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். எங்கே பிடித்துவிடுவது என்று தெரியாமல் நான் போர்வையைத் தடவிக்கொண்டிருப்பேன்.

இந்த நிலையில் இருப்பவர்கள் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை இருக்கிறது. கண்ணாடிப் பயிற்சியும் இருக்கிறது. இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு கண்ணாடியை நிறுத்த வேண்டும். நல்ல கால் அதில் தெரியும்போது இழந்த கால் திரும்பி வந்தது போலத் தோன்றும். அதைப் பார்த்தபடி காலை மெல்ல அசைக்க, மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சமாதானமாகும். கவிதாதான் கண்ணாடியைப் பிடித்துக்கொள்வாள். இவர் வலது காலால் இல்லாத பந்தை உதைப்பார். கண்ணாடிக்குள் இடது கால் உதைக்கும். "கோலு நைனா" என்று அவள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கோபம் வந்துவிடும்.

வீட்டுக்கு வந்தோம். முதல் முறையாக நோய்ப் பங்கு வந்தது. கூடை நிறைய மடவை மீனும் கொஞ்சம் இறாலும் மாரியே சுமந்து வந்து வைத்தார். இவர் கூடையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு ரசம் மட்டும் போட்டுக்கொண்டார். எனக்கு இந்த ரோஷமெல்லாம் கிடையாது. ஊர் கொடுத்த மீனை அவர் எதிரிலேயே உட்கார்ந்து நானும் கவிதாவும் ருசித்துச் சாப்பிட்டோம்.

"வெக்கமா இல்ல?" என்று கேட்டார்.

"பசிக்குது. உனக்கு மீனு வேணும்னா நீ போய்ப் புடி."

வேண்டுமென்றேதான் சொன்னேன். பரிதாபப்பட்டால் அவர் படுத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். நோயாளியிடம் எப்போதும் இனிமையாகப் பேச வேண்டும் என்று எழுதுகிறவர்கள் என் கணவரைப் பார்த்ததில்லை.

சென்னையில் செயற்கைக் கால் செய்யும் இடத்தில் அளவெடுத்துக் கால் கொடுத்தார்கள். தரையில் நடக்க அதைவிட நல்ல கால் கிடையாது. அவருக்கோ தரையில் என்ன வேலை? யாருக்கும் சொல்லாமல் ஒரு நாள் அந்தக் காலோடு ஏரிச் சேற்றில் இறங்கிவிட்டார். நாலு எட்டு வைத்ததும் சேறு காலைப் பிடித்துக்கொண்டது. ஆள் வெளியே வந்தார், கால் உள்ளேயே நின்றுவிட்டது. மாரியும் இன்னும் மூன்று பேரும் தோண்டி எடுத்தார்கள். "தேசப்பா, காலை நட்டு வச்சிட்டியா, மொளைக்குமா?" என்று குப்பம் ஒரு மாதம் சிரித்தது. அவரும் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது.

கால் செய்து தந்தவரிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஏரி எவ்வளவு ஆழம், சேறு எவ்வளவு என்று ஆர்வமாகக் கேட்டார். பிறகு பாதம் இல்லாமல், அடியில் அகலமான ரப்பர் வட்டத்தோடு குட்டையாக ஒரு காலைச் செய்து கொடுத்தார். யானைக்கால் மாதிரி இருக்கும். சேற்றில் புதையாது. புண் முழுவதும் மூடிய பிறகுதான் தண்ணீர் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உப்புத் தண்ணீரில் இருக்கும் கிருமிகள் சர்க்கரை உடம்பில் சின்னக் கீறல் வழியாகவும் புகுந்துவிடுமாம். அதனால் வலது காலில் பூட்ஸ் இல்லாமல் ஏரியில் இறங்கவே கூடாது என்பது அவருடைய உத்தரவு.

பூட்ஸ்! ஊரில் ஒருவரும் ஏரிக்குள் செருப்புக்கூடப் போட்டதில்லை. முதல் நாள் முட்டிவரை ரப்பர் பூட்ஸோடு இவர் நடந்து வந்தபோது கரையில் இருந்த அத்தனை பேரும், "இன்னாபா, ஆபீஸ் போறியா?" என்று ஒரே குரலில் கேட்டார்கள். பல வருடத்துக் கடனை வட்டியோடு தீர்த்துவிட்டார்கள்.

இன்னொரு வேலை என்னுடையது. மரத்த பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும். விரலிடுக்கு, நகம், குதிகால், உள்ளங்கால் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்து, கொப்புளமோ வெடிப்போ சிவப்போ இருந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். எங்கள் கல்யாணத்தில் புருஷன் காலைத் தொட்டுக் கும்பிடச் சொன்னபோது நான் குனியாமல் நின்று என் மாமியாரிடம் வசவு வாங்கியவள். இப்போது தினமும் விடிந்ததும் அவர் வலது காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். "ரெண்டு காலு இருந்தப்ப கும்புடாதவள ஒத்தக் காலுக்குக் கும்புட வச்சிட்டான் பாரு கடவுள்" என்று கிண்டல் செய்வார். நான் உள்ளங்காலை நகத்தால் சுரண்டுவேன். அவருக்குத் தெரியாது. தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சுரண்டுவேன்.

ஊர்க் கூட்டத்தில் பேச்சு வந்தது. தேசப்பன் பெயரைச் சீட்டில் வைப்பதா, எடுப்பதா? பஞ்சாயத்தார் இரக்கம் காட்டத் தயாராகத்தான் இருந்தார்கள். மாரி கழி ஊன்றட்டும், இவர் கரையில் இருந்தால் போதும் என்றார்கள். இவர் எழுந்து நின்று மறுத்துவிட்டார்.

"எம்மொறைய நானே ஊன்றேன். ஊனலைனா பேர எடுத்துருங்க. நானே வந்து எடுக்கச் சொல்றேன்."

முறை வந்த அன்று கரையில் பெண்களும் கூடிவிட்டோம். வழக்கமாகப் பாட்டை வேடிக்கை பார்க்க யாரும் வருவதில்லை. படகு நின்றது. அவர் விளிம்பில் உட்கார்ந்து முதலில் பூட்ஸ் காலை, பிறகு ரப்பர் காலை விட்டு இறங்கினார். இடுப்பளவு தண்ணீர். நீரோட்டம் இழுத்தது. சாய்ந்தார். மாரியின் கை தன்னால் நீண்டது.

"தொட்டா கையை ஒடிப்பேன்," என்று அவர் கத்தியது கரைக்குக் கேட்டது.

மாரி இரண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொண்டார். இவர் கழியைச் சேற்றில் குத்தி, தன் எடை முழுவதையும் அதன்மேல் போட்டு அசைத்து அசைத்து இறக்கினார். முதல் தடவை சாய்ந்துவிட்டது. பிடுங்கி மறுபடி குத்தினார். மூன்றாவது தடவை கழி நின்றது. பாதத்தால் மிதித்து இறக்கும் வேலையை முட்டியால் அழுத்திச் செய்தார். டாக்டரம்மா காப்பாற்றிக் கொடுத்த அதே முட்டி. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள் விசில் அடித்தாள்.

அந்த முட்டி எங்களுக்கு ஆறு வருடம் தந்தது. வீட்டில் அரிசி அளவு குறைந்தது, பீடி நின்றது, தினமும் இன்சுலின் போட்டுக்கொண்டார். பந்தாட்டத்தில் நடுவராக விசில் ஊதினார். தரைக்காலை மாட்டிக்கொண்டு கையில் ஊன்றுகோலோடு நடுவில் நிற்பார். அவர் தீர்ப்பை எதிர்த்து வாய் திறந்தால் கோலைத் தூக்குவார். பழவேற்காட்டுப் பக்கம் சண்டையில்லாமல் முடிந்த செவன்ஸ் ஆட்டங்கள் அவர் விசில் ஊதியவை மட்டும்தான்.

வாசலில் செருப்பு போடாமல் யாராவது நின்றால் அவனைப் பிடித்து உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, தங்கூசித் துண்டால் உள்ளங்காலைக் குத்திப் பார்ப்பார். சிரிப்பவர்களை விட்டுவிடுவார். கூச்சமே இல்லை என்றவர்களைப் பொன்னேரிக்குத் துரத்துவார். அப்படித் துரத்தப்பட்டவர்களில் ஒருவர் மாரி.

நடுவில் இதயத்தையும் சோதித்தார்கள். சர்க்கரை, இதய நரம்புகளையும் மந்தமாக்குமாம். மாரடைப்பு வந்தால்கூட இவருக்கு நெஞ்சு வலிக்காமல் போகலாம் என்று டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். காரணமில்லாத வியர்வை, மூச்சு வாங்குதல், திடீர் சோர்வு வந்தால் உடனே வந்துவிட வேண்டும் என்றார். மாத்திரைகள் கூடின. பாட்டை விட்டுவிடலாமா என்று நான் கேட்டேன். "வீட்டுக்குள்ள செத்தா எனக்கு மூச்சு முட்டும்மே," என்றார். அதற்கப்புறம் நான் கேட்கவில்லை. பயமாக இருந்தது, ஆனாலும் கேட்கவில்லை. அந்த முடிவில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

போன வருடம் பங்குனியில் அவர் முறை வந்தது. காலையில் நன்றாக இருந்தார். பாதம் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. போனார், கழி ஊன்றினார், வலை கட்டினார். நீர் வற்றக் காத்திருக்கும் நேரத்தில் படகில் சாய்ந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்து மாரி வெயில் படாமல் முகத்தில் துண்டைப் போட்டிருக்கிறார்.

அவரைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். வலை தண்ணீரிலேயே நின்றது. அதை என்ன செய்வதென்று பஞ்சாயத்தார் எங்கள் வாசலில் நின்றே பேசினார்கள். ஊன்றியவர் அவர். நீர் வற்றும்வரை முறை அவருடையது. முடியும்வரை வேறு யாரும் அந்த இடத்தில் இறங்கக் கூடாது. யாரும் இறங்கவில்லை. நீர் வற்றியதும் மாரி போய் வலையைத் தூக்கினார். அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பியபோது வாசலில் கூடைகள் இருந்தன. பாதி இல்லை, முழுவதும்.

துக்க வீட்டில் மீன் சமைக்க மாட்டோம். இறாலை ஊருக்குக் கொடுத்துவிட்டேன். மடவையைக் கொடுக்க மனம் வரவில்லை. கீறி உப்பு வைத்துக் காயப்போட்டேன். சாவு வீட்டு வாசலில் கருவாடா என்று முகம் சுளித்தவர்களை நான் கண்டுகொள்ளவில்லை. விடிந்ததும் என் மடி சும்மா இருந்தது. அந்த நேரத்தில் போய் மீன்களைத் திருப்பிப் போட்டேன்.

நோய்க்கு முன்பு எனக்கு நாள் என்றால் விடிவதும் இருட்டுவதும்தான். புண் இருந்த காலத்தில் ஒரு கட்டு மாற்றுவதிலிருந்து அடுத்த கட்டு வரைக்கும் ஒரு நாள். பிறகு ஒரு பாடு முடிந்தால் அடுத்த பாடு வரைக்கும். இப்போது எந்தக் கணக்கும் இல்லாமல் நேரம் ஏரித் தண்ணீர் மாதிரி பரந்து கிடக்கிறது. அது பயமாகவும் இருக்கிறது, விசாலமாகவும் இருக்கிறது. உடம்பைப் பற்றியும் என் எண்ணம் மாறிவிட்டது. வலிக்காத உடம்புதான் நல்ல உடம்பு என்று அப்போது நினைத்தேன். இப்போது இடுப்பு வலித்தால், முட்டி பிடித்துக்கொண்டால், கொஞ்சம் நின்று அதைக் கேட்டுவிட்டுத்தான் தைலம் தேடுகிறேன்.

காரியம் முடிந்த மறுநாள் அந்த மடவையை எடுத்துக் கத்திரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். கவிதாவும் நானும் தட்டின் முன் உட்கார்ந்தோம். அவள் கை சோற்றில் இறங்கவே இல்லை.

"நைனா இன்னும் ஏரிலயே இருக்கற மாதிரி கீதுமா," என்றாள்.

"கரைக்கு வந்துட்டாருடி," என்றேன். "பாடு முடிஞ்சிடுச்சு. முழுப் பங்கும் வூட்டுக்கு வந்துடுச்சு. துண்ணு."